அவசரத்துக்கு ஒரு எண்

கண்ணாடி இரண்டையும் கழற்றியாயிற்று.
ஒரே ஸ்பேனர், நான்கு சுற்று.
இவ்வளவு சுலபமாய்க் கழலும் என்று தெரியாமல்
மூன்று வருடம் அவற்றில் வரும் லாரிகளுக்குப் பயந்திருக்கிறேன்.

ஹெட்லைட்டுக்கு நீல டேப், குறுக்கும் நெடுக்குமாய்.
விழுந்தால் சில்லுகள் டிராக்கில் சிதறக் கூடாதாம்.
'விழுந்தால்' என்ற சொல்
அவர்கள் தந்த தாளில் பதினொரு முறை வருகிறது.
எண்ணினேன்.

ஈசா டவுன். அக்டோபர் கடைசி வியாழன்.
இரவு ஒன்பதுக்கும் தரை சுடுகிறது.
பச்சைக் கூலன்ட்டை வடித்துவிட்டு
குடிக்க வாங்கிய ஐந்து லிட்டர் கேனைக் கவிழ்க்கிறேன்.
வாட்ச்மேன் நஸ்ருல் வந்து நிற்கிறார்.
"விற்கப் போறீங்களா?"
இல்லை, ஓட்டப் போறேன்.
கண்ணாடியும் நம்பரும் இல்லாத வண்டியையா
என்று அவர் கேட்கவில்லை.
டார்ச்சை மட்டும் என் கைப்பக்கம் திருப்பினார்.

காறை எலும்பு என் விரல் பருமன்தான் இருக்கும்.
வெள்ளி சாயங்காலங்களில்
அதை உடைத்துக்கொண்டு வருகிறவர்களை
எக்ஸ்ரே பலகைக்கு முன் நிறுத்துவது என் வேலை.
மூச்சை இழுங்க. அசையாதீங்க. விடுங்க.
ரிஃபாவில் ஐந்து வருடமாய் இதே மூன்று வாக்கியம்,
அரபியில், இந்தியில், மலையாளத்தில்.
ஒரு பையன், இருபது வயதிருக்கும்,
லெதர் உடுப்பை வெட்டாதீங்க என்று கெஞ்சினான்.
எலும்பைப் பற்றிக் கேட்கவே இல்லை.
அன்று இரவுதான்
முழங்கால் தரை உரசும் வீடியோக்களைப்
பார்க்கத் தொடங்கினேன்.

என் உடுப்பு வாடகைக்கு.
எனக்கு முன்னால் யாரோ உயரமானவர்.
வலது முழங்காலில் அவர் தேய்த்த தேய்ப்பு.
இடதில் கொஞ்சம்தான்.
சாகிரில் வலப்பக்கத் திருப்பங்களே அதிகம்.
ஜிப்பை ஏற்றினால் நிமிர முடியவில்லை,
குனிந்தே இருக்கத் தைத்தது.
நடந்தால் நண்டு.

சோபாக் கைப்பிடியில் ஏறிப் பழகுகிறேன்.
பாதி இடுப்பு வெளியே,
தோள் தளர்வாக,
கண் மட்டும் திருப்பத்தின் முடிவில்.
திருப்பத்தின் முடிவில் ஃபிரிட்ஜ் இருக்கிறது.
நைட் டூட்டிக்குக் கிளம்பிய மெர்லின் ஜெபா
அதைத் திறக்கிறாள். மூடுகிறாள்.
பதினாறு நாளாய்ப் பேச்சில்லை.
கேஸ் சிலிண்டர் யார் முறை என்பதில் தொடங்கி
எங்கெங்கோ போய்விட்டது.
கதவைச் சாத்தும்போது அவள்
இருமினாளா, சிரித்தாளா?

படிவம்.
பெயர்: செண்பகவல்லி.
ரத்தம்: ஓ நெகட்டிவ்.
அனுபவம்: புதியவர் என்ற கட்டத்தில் டிக்.
அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்:
தொண்ணூற்றொன்று என்று தொடங்கினேன், அடித்தேன்.
கோவில்பட்டியில் அக்கா போனை எடுப்பாள்.
எடுத்து?
அவளுக்குப் பாஸ்போர்ட்கூட இல்லை.
எச்.ஆர். வெள்ளிக்கிழமை எடுக்கமாட்டார்.
அரை மணியில் வந்து சேர,
என் ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றாமல்
கையெழுத்துப் போட,
இந்தத் தீவில் எனக்கிருப்பது ஒரே நம்பர்.

"உன் நம்பரை ஒரு ஃபார்மில் எழுதலாமா?
நாளைக்கு சாகிரில் பைக் ஓட்டுறேன்.
ரேஸ் இல்லை."

இரண்டு நீல டிக்.
பிறகு ஒன்றும் இல்லை.
கீழே போய் டயர் காற்றை மறுபடி அளந்தேன்,
ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.
செயினைத் துடைத்தேன். அதையும் ஏற்கெனவே.

பதினொன்று நாற்பதுக்கு வந்தது:
"எழுது.
வலது தோளில் விழாதே, போன வருஷமே சவ்வு கிழிஞ்சது.
சிலிண்டர் பாதிக் காசு இன்னும் வரலை."

எழுதினேன்.
அடுத்த கட்டம், உறவு.
கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்துவிட்டு
ஒரு கோடு போட்டேன்.

ஐந்தரைக்குப் பிக்கப் வரும்.
ஸ்பீடோமீட்டரையும் மூடிவிட வேண்டுமாம்,
புதியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்களாம்.
நீல டேப் தீர்ந்துவிட்டது.
மெர்லின் அலமாரியில் பிளாஸ்திரி இருந்தது,
கேட்காமல் எடுத்தேன்,
காலையில் சொல்லிக்கொள்ளலாம்.
மூன்று துண்டு ஒட்டியும்
பூஜ்ஜியம் மட்டும் ஓரத்தில் தெரிகிறது.