நடுக்கொல்லையில் ஒரு கல்

மல்லப்பாடிப் பாறைக்குக் கிழக்கே
திம்மராயன் கொல்லையில் கால் இடறியது.
ராகிக்கு நடுவே கல்.
தலை மட்டும் தெரிகிறது,
தலையில் தேய்ந்த கூட்டல் குறி.
வரப்பில் நிற்க வேண்டியது.

என் கையிலிருக்கும் வரைபடத்தில் அது இல்லை.
"அன்னிக்கிருந்து ஒரே கொல்லைதாங்க" என்கிறார் திம்மராயன்.
"ரெண்டா இருந்துச்சு. ஒண்ணா உழுதுட்டாங்க"
குடையை மடக்காமலே சொல்கிறாள்
தங்கை சாக்கம்மா.

நான் சிரித்திருக்கக் கூடாது.

நில அளவர் வேலைக்கு வருமுன்
விலங்கியல் படித்தேன்.
ஒரு கோடை முழுக்கக்
கத்தரிக்கோலும் பசையுமாய்
வயிற்றில் பையுள்ள விலங்குகளின்
குரோமோசோம் படங்களை வெட்டி
ஜோடி சேர்த்து ஒட்டினேன்.
வெட்டிய துணுக்குகள் துப்பட்டாவில் ஒட்டி
பர்கூர் பஸ்ஸில் என்னோடு வீட்டுக்கு வரும்.

செங்கங்காருவுக்கு இருபது.
டாஸ்மேனியன் டெவிலுக்குப் பதினான்கு.
சதுப்பு வாலபியில் பெண்ணுக்குப் பத்து,
ஆணுக்குப் பதினொன்று
(அங்கேயும் அவனுக்கு ஒன்று கூட).
எண்ணிக்கைதான் இப்படி ஆடுகிறது.
மொத்தத்தையும் நிறுத்துப் பார்த்தால்
ஏறக்குறைய அதே மண்.
வரப்புதான் இடம் மாறியிருக்கிறது.

ஆதியில் எத்தனை?
பதினான்கு, பிறகு உடைந்தது என்று ஒரு கட்சி.
இருபத்திரண்டு, பிறகு கூடியது என்று மறு கட்சி.
பத்துப் பதினைந்து கோடி வருஷத்துப் பாகப்பிரிவினை,
மூலப்பத்திரம் யாரிடமும் இல்லை.

ஒரு சாட்சி இருந்தது.
நுனியில் மட்டுமே வர வேண்டிய எழுத்துகள்
சில குரோமோசோம்களின் நடு உடம்பில் கிடந்தன.
"பார், கல்! இங்கேதான் இரண்டும் ஒட்டின"
என்றது மறு கட்சி.
"கல் உருளும்" என்றது முதல் கட்சி.

பாறை வாலபிகளுக்கோ
குன்றுக்குக் குன்று கணக்கு வேறு.
பார்த்தால் ஒரே காது, ஒரே வால்.
கலந்து பிறந்த மகன்களில் பலருக்கு
வம்சம் அதோடு சரி.
தலை நிமிர்ந்தால் இங்கேயும் குன்றுகள்.
ஒன்றை கிரானைட்டுக்காக
ரொட்டி மாதிரி அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், வெயில் ஏறுது."

இன்னொன்றும் ஞாபகம் வந்தது:
கங்காரு மகளின் உடம்பில்
உறங்கப் போவது எப்போதும்
தகப்பன் கொடுத்த எக்ஸ்.
நம்மில் அப்படியில்லை,
செல்லுக்குச் செல் சீட்டுக் குலுக்கல்.
இந்தக் கொல்லையில் மட்டும்
தகப்பன் சொத்தில் மகள் உறங்க வேண்டுமாம்.
மாம்பழக்கூழ் கம்பெனியில்
அரை நாள் கூலியை விட்டுவிட்டு
அவள் விழித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏர் இழுத்துட்டு வந்த கல்லுங்க" என்கிறார் திம்மராயன்.
இருக்கலாம்.
உருண்ட கல்லுக்கு வேர் இருக்காது.
நட்ட கல் முக்கால் பாகம் மண்ணுக்குள் இருக்கும்,
அடியில் கரியும் ஓட்டாஞ்சில்லும் போட்டிருப்பார்கள்.
ஆய்வுக்கூடத்தில் இந்த வசதி இல்லை.

கடப்பாரை கேட்டேன்.
திம்மராயன் பாறையைப் பார்த்தார்.
சாக்கம்மா குடையை மடக்கினாள்.
அவள் ஊன்றி நின்றது
கடப்பாரைதான்.