பத்துச் சுற்று

சிக்கந்தர் கடைக் கண்ணாடி மேசையில்
மூன்று கிளாம்ப் மீட்டர்,
மூன்றுக்கும் நண்டுக் கொடுக்கு வாய்.
என் பையில் ஆறாயிரத்து ஐந்நூறு.
அதில் ஐந்நூறு
பூமிநாதனின் கைக்கு, களிம்பு வாங்க.

மஞ்சள் மலிவு.
இதே மஞ்சளைத்தான் ஆறு வருடம்
இடுப்பில் தொங்கவிட்டிருந்தேன்.
மாவு மில், ஐஸ் கம்பெனி, கல்யாண மண்டபம்,
எங்கே கவ்வினாலும்
நாணயமாய் ஓர் எண் சொல்லும்.

பங்குனியில் கானாடுகாத்தான் போனோம்.
வீட்டை லாட்ஜ் ஆக்கியிருந்தார்கள்,
மொட்டைமாடி நிறைய சோலார் தகடு.
உச்சி வெயில்.
கேபிளைக் கவ்வினேன்.
பூஜ்யம்.
'ஒண்ணும் ஓடலை, கழற்று' என்றேன்.
என் வாயை நம்பிக் கழற்றினான்.
நீலமாய் ஒரு நாக்கு
இணைப்பிலிருந்து நீண்டு
அவன் வலது உள்ளங்கையை நக்கியது.

மீட்டர் பொய் சொல்லவில்லை.
முன்னும் பின்னும் அலைகிற மின்சாரம்தான்
அதன் காதில் விழும்.
ஒரே திசையில் அமைதியாய் ஓடுவது விழாது.
இதைப் பரீட்சையில் எழுதி
ஐந்து மதிப்பெண் வாங்கியவன் நான்.

'அப்ப டிசி பார்க்கிறதை எடு'
சிக்கந்தர் கறுப்பை நகர்த்துகிறார்.
ஐயாயிரத்து எண்ணூறு.
ஆன் செய்கிறேன். எதையும் கவ்வவில்லை,
அதற்குள் 0.04.
தெருப்பக்கம் திருப்பினால் 0.01,
கல்லாப்பக்கம் 0.06.
'காத்துலயா ஓடுது பாய்?'
'பூமியோட காந்தம் தம்பி.
எந்தப் பக்கம் பார்த்து வேலை செய்வியோ
அந்தப் பக்கம் வச்சு இந்தப் பொத்தானை அமுக்கு.
அப்புறம்தான் கவ்வணும்.'
வாங்குகிறவனுக்குப் பாதிப் பேர்
இதைச் சொல்வதில்லை.

ஆனால் நாளை ராத்திரி பள்ளத்தூர்.
ஒரு பெரிய வீட்டின் மூன்றாங்கட்டில்
தெய்வானை நடத்தும் தையல் யூனிட்.
பன்னிரண்டு மெஷின்.
ஒன்பது மணிக்கு டிரிப்பர் விழுகிறது,
தினமும், சொல்லிவைத்ததுபோல்.
'வெள்ளிக்கிழமை லாரி வருது' என்றார் போனில்,
வேறெதுவும் சொல்லவில்லை.

கசிவுக்கென்றே பிறந்தது
மூன்றாவது, சாம்பல் நிறம்.
போகிற கம்பியையும் வருகிற கம்பியையும்
சேர்த்தே கவ்வ வேண்டும்.
போனது முழுதாய்த் திரும்பினால் பூஜ்யம்.
திரும்பாமல் சுவரிலோ ஈரத் தரையிலோ
ஒதுங்கிவிட்டதை மட்டும்
மில்லி ஆம்பியரில் சொல்லும்.
ஆறாயிரத்து நூறு. டிசி பார்க்காது.

நாளைக்கு வேண்டியது சாம்பல்.
பூமிநாதனுக்கு வேண்டியது கறுப்பு.
கடன் கேட்கலாம். கேட்கவில்லை.

'பாய், ஒரு ஏழு வாட் பல்ப் கொடுங்க,
சாமி படத்துக்குப் போடுவாங்களே, அது.
இரண்டு மீட்டர் வயர் வெட்டுங்க.'
பல்ப் எரிய, ஒற்றைக் கம்பியைக்
கறுப்பால் கவ்வினேன்.
0.02. 0.04. 0.03.
கையோடு எண்ணும் நடுங்கியது.
அதே கம்பியைக் கொடுக்குக்குள்
பத்துச் சுற்றுச் சுற்றினேன்.
0.30.
நடுக்கம் கடைசி இலக்கத்தோடு நின்றது.
சிக்கந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.
'வயருக்குக் காசு வேண்டாம்' என்றார்.

பள்ளத்தூரில் மெஷின்கள் குற்றமற்றவை.
எட்டு ஐம்பத்தைந்துக்குத்
தைத்து முடித்த நைட்டிகளை அடுக்கி
இஸ்திரிப் பெட்டியை மாட்டினார்கள்.
அதன் இரண்டு கம்பியும் பத்துச் சுற்றாய்
கறுப்பின் வாய்க்குள்.
0.11, 0.19, சூடேறச் சூடேற 0.27,
0.34 என்று வந்ததும் இருட்டு.
இருட்டில் தெய்வானை சிரித்தார்:
'போன மாசம்தான் வாங்கினது,
அதைப் போய் யார் சந்தேகப்படுவா!'

மஞ்சளை விற்கவில்லை.
பூமிநாதன் மார்க்கர் கேட்டு வாங்கி
அதன் முதுகில் இடது கையால் எழுதினான்,
எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய:
ஏசி மட்டும்.
எழுதியதை என் முகத்துக்கு நேரே
கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்.