கால்நோய்

வேர் கறுத்தால் இங்கே கால்நோய் என்கிறார்கள்.
வெளுத்து நிமிர்ந்த கதிரை நெருடினால்
உமி மட்டும்.

எர்மெலிந்தா குரிகேயோவுக்கு
பண்ணை வேலிகள் விட்டுவைத்தது இரண்டு ஹெக்டேர்.
மாற்றிப் பயிரிட வேறு நிலம் ஏது?
நோய் விழுந்த மண்ணிலேயே
மறுபடி கோதுமை,
அடுத்த மழைக்கும் கோதுமை.
பிடிவாதக்காரி என்றார்கள்.
விதைக்குக் கடன் வாங்கினாள்.

ஆறாம் வருஷம்
கதிர் தலை கவிழ்ந்தது,
கனத்தில்.

தெமுகோவிலிருந்து வாளியோடு போய் மண் எடுத்துவந்தேன்.
கண்ணாடித் தட்டில்
அவள் வேர்களின் பாக்டீரியா
பூஞ்சையை ஒரு விரற்கடை தள்ளியே
நிறுத்தி வைத்திருந்தது.

சொன்னபோது கேட்டாள்:
"அஞ்சு வருஷமா என் நஷ்டத்தைத் தின்னா
வளர்ந்துச்சு?"
ஆமாம் என்றேன்.

விஷயம் பரவி,
வேலிக்கு அந்தப்புறத்துக்காரர்
ஒரு லாரி மண் கேட்டு வந்தார்.

"மண்ணா?" என்றாள்.
"இன்னுமா?"