வேண்டும்

சாஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்து நான்கு.
காரின் மூக்கில் வயரைச் செருகிவிட்டு வந்தேன்.
ராத்திரி முழுக்க மின்சாரம் குடித்தால்தான்
காலையில் அது கண் திறக்கும்.
எனக்குக் காப்பி.

பதினொரு திருத்தங்கள் காத்திருக்கின்றன.
நிரலில் அல்ல,
நிரலைக் கட்டித் தரும் கருவியிலும் அல்ல,
கருவியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று சொல்லும்
விளக்கப் பக்கங்களில்.
சம்பளம் கிடையாது.
இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்பான் நிரூபன்.
எதுவும் ஓடாத இரவில் எல்லோரும், என்பேன்.

முதலாவது ஒரு காற்புள்ளி.
சேர்த்துக்கொண்டேன்.
இரண்டாவது
'எளிதாக' என்ற சொல்லை எட்டு இடங்களில் நீக்கியிருந்தது.
'எளிதென்றால் நான் ஏன் இந்தப் பக்கத்துக்கு வந்தேன்?'
காரணம் எழுதியிருந்தாள் ஹால்டோரா என்றொருத்தி.
ஒன்பதாவது இடத்தை நான் காட்டிக்கொடுத்தேன்.

நான்காவதில் ஒருவர்
கட்டளைக்குள் இருந்த மேற்கோள் குறிகளை
வளைத்து அழகாக்கியிருந்தார்.
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
நகலெடுத்து ஒட்டினால் ஓடாது.
நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினேன்.
அந்த நன்றியை எழுதவே ஏழு நிமிடம் பிடித்தது.

ஏழாவது ஒரே ஒரு சொல்.
'ஷுட்' இருந்த இடத்தில் 'மஸ்ட்'.
சுத்தப்படுத்தும் கட்டளையோடு
அடைவின் பெயரையும் கொடுக்க வேண்டும்.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்,
வித்தியாசம் தெரியவில்லை.
செய்தால் நல்லது என்பதற்கும் வேண்டும்.
செய்யாவிட்டால் தொலைந்தாய் என்பதற்கும் வேண்டும்.
ஜன்னலோர இருக்கை கேட்கும் பிள்ளைக்கும் அதே வேண்டும்.
பிடிக்காதவன் வழுக்கி விழுந்தால்
நல்லா வேணும்.

கீழே அவர் எழுதியிருந்தார்:
'பெயர் கொடுக்காமல் ஓட்டினேன்.
கொடுக்காவிட்டால்
நிற்கிற இடத்தையே அழிக்கிறது.
எங்கும் சேமிக்காத மூன்று வார வேலை.
என் தவறும் உண்டு.
அடுத்த ஆளுக்கு நடக்காமலிருக்கட்டும்.
க்வாபெனா.'

எந்தப் புண்ணியவான் எழுதிய வரி இது?
வரிக்கு வரி ஆள் காட்டும் பொத்தானை அழுத்தினேன்.
என் பெயர்.
ஆறு வருடத்துக்கு முந்தைய நவம்பர்,
இரவு ஒன்று பன்னிரண்டு.
குறிப்பு: 'சிறு மொழித் திருத்தம்.'
அதற்கு முன் அங்கே 'மஸ்ட்' தான் இருந்திருக்கிறது.

அப்போது இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம்.
இங்கே யாரும் யாரையும் செய் என்பதில்லை.
முடிந்தால், வசதிப்பட்டால், ஒருவேளை உங்களுக்கு நேரமிருந்தால்.
முதல் கம்பெனியில் என்னை வேலையைவிட்டு நீக்கியதைக்கூட
அவ்வளவு பதமாகச் சொன்னார்கள்,
திங்கட்கிழமை வழக்கம்போலக் கிளம்பிப் போனேன்.
வாசலில் அட்டை வேலை செய்யவில்லை.
அந்த மரியாதையைத்தான்
கற்ற சூட்டோடு
இந்த வரியில் தடவியிருக்கிறேன்.

ஆற்றங்கரையில் ஒரு பலகை உண்டு.
மெல்லிய பனிக்கட்டி. இறங்காதே.
அதில் தயவுசெய்து இல்லை.

திருத்தத்தை ஏற்றேன்.
'அந்த ஷுட் என்னுடையது' என்று எழுதினேன்.
வருந்துகிறேன் என்று சேர்த்து,
அழித்து,
மறுபடி சேர்த்து அனுப்பினேன்.
வேண்டுமென்றே செய்யவில்லை என்று எழுத வந்தது.
விட்டுவிட்டேன்.

வெளியே பனி வாரும் வண்டி
தெருவை வழித்துக்கொண்டு போகிறது.
எங்கள் வாசலில் ஒரு கரையைக் கட்டிவிட்டு.

காப்பி ஆறிவிட்டது.
எட்டாவதைத் திறந்தேன்.
முதல் பத்தியில் யாரோ புதிதாகச் சேர்த்திருக்கிறார்
'எளிதாக.'