பிழிந்த தண்ணீர்

மொரிசியஸ் வந்து ஏழு மாதம்.
கியூர்பிப்பில் ஞாயிறு என்றால் மழை.
கிஸ்லேன் லாம் யானின் சமையலறை ஜன்னலை மறைத்துக்
கொடியில் தொங்குகிறது ஒரு காய்,
பல் போன வாய் மாதிரி மடிந்த நுனியோடு.
"சூசூ" என்கிறாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் திருப்பூர்ச் சந்தையில் இது சௌசௌ,
பாதிப் பேருக்குப் பெங்களூர் கத்தரிக்காய்.
கத்தரிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.
பெங்களூருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு நியோக் யென்.
ஹக்கா வீட்டு உருண்டை, ஆவியில் வேக வேண்டும்.
தைப்பூசத்துக்கு இன்னும் நாலு நாள்.
வேல் அர்முகும் இந்த வருடம் காவடி எடுக்கவில்லை,
விரதம் மட்டும்.
தமிழில் அவனுக்குத் தெரிந்தது
தன் பெயரும் அரோகராவும்.
துருவ மட்டும் வந்திருக்கிறான்,
முகர்ந்தால் விரதம் முறியாது என்று
கிரியோலில் தானே சட்டம் எழுதிக்கொண்டு.

துருவியதை என் பக்கம் தள்ளினாள்: பிழி.
எட்டு வருடம் சாயப்பட்டறையில் நின்றவன் நான்.
துணியில் கட்டி முறுக்கினேன் பாருங்கள்,
வாயிருந்தால் காய் கதறியிருக்கும்.

மரவள்ளி மாவு, கொத்திய கோழி,
இடித்த காய்ந்த இறால், வெள்ளை மிளகு.
அளவு கேட்டால் "அங்கோர் திகித்",
இன்னும் துளி.
எவ்வளவு பெரிய துளி என்பதில்
அவளுக்கும் அவள் தம்பிக்குமே ஒத்துவராது.
காத்ர் போர்னிலிருந்து போனில் கத்துகிறான்
மாவு கூடிப்போச்சு என்று,
பார்க்காமலே.

முதல் ஈடு.
மூடியைத் திறந்தால் கோலிக்குண்டுகள்.
வேல் ஒன்றைத் தட்டில் போட்டான்,
டங் என்றது.
தம்பி சிரித்து முடிக்கும்வரை
யாரும் பேச முடியவில்லை.

கிஸ்லேன் குனிந்து
மேசைக்கடியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள்.
நான் பிழிந்த தண்ணீர்.
கொட்டிவிடு என்று நான் சொன்னது,
சரி என்று அவள் தலையாட்டியது.

மிச்ச மாவில் கரண்டி கரண்டியாகத் திரும்ப ஊற்றினோம்.
கையில் ஒட்டியது, ஒட்டியது,
பிறகு விட்டது.
அந்தப் பிறகுதான் பதம்.
பட்டறையில் பிழிந்ததெல்லாம் நொய்யலுக்குப் போனது,
ஒரு நாள் சிவப்பாக, ஒரு நாள் நீலமாக.
எதையும் திரும்பக் கேட்டதில்லை யாரும்.

வேலுக்கென்று காளான் போட்டுத் தனியே ஆறு,
அடையாளத்துக்குத் தலையில் மல்லி இலை.
பாத்திரம் ஒன்றுதான்,
அதற்கும் அவனிடம் ஒரு சட்டம் இருந்தது.
வெந்து இறக்கும்போது
ஆவியில் இலையெல்லாம் நழுவி
எது யாருடையது என்று தெரியவில்லை.
ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தான்.
ஐந்தைக் கண்டுபிடித்துச் சாப்பிட்டான்,
மிளகாய்ச் சாற்றில் தோய்த்து, கண்ணை மூடி.

ஆறாவது எது என்று
இரண்டு உருண்டைகளுக்கு நடுவே சந்தேகம்.
மழை விடவில்லை.
இரண்டும் தட்டில் ஆறிக்கொண்டிருக்கின்றன.