ஓரத்து இழைகள்

செவ்வாய்க்கிழமைதான் எங்களுக்கு நைட்ரஜன் வரும்,
கோரிமேட்டுச் சாலையில் குலுங்கும் ஒரு டெம்போவில்
வெண்புகை கக்கியபடி.
அதற்குமுன் யாருக்கும் தசை வெட்டாதீர்கள் என்று
மேலே வார்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
பெரிய எழுத்துதான்.
படிப்பவர் குறைவு.

அன்று வந்தது தொடைத் துண்டு,
புளியங்கொட்டை அளவு,
உப்புநீர் நனைத்த துணியில் சுற்றி.
டப்பாவின் மேல் 41.
ஆய்வுக்கு வரும் எதற்கும் பெயர் இருக்கக் கூடாது.

கூடவே டாக்டர் அமலோற்பவத்தின் கோழிக்கிறுக்கல்:
பெண், முப்பத்தெட்டு. மீன் விற்பவர். தேவனாம்பட்டினம்.
ஏழு மாதமாய்க் கூடையைத் தலைக்கு ஏற்ற முடியவில்லை.
குந்தினால் எழ முடியவில்லை.
ரத்தத்தில் கல்லீரல் நொதி ஏறியிருந்ததால்
காமாலை என்று மூன்று மாதம் கீழாநெல்லி.
குடிப்பழக்கம் உண்டா என்றும்
ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த நொதி தசையிலும் உண்டு.
எழுதித்தர யாருக்கும் தோன்றாத இன்னொரு பரிசோதனையில்
இருநூறை ஒட்டி நிற்க வேண்டியது
ஒன்பதாயிரத்தில் நின்றது.

அழற்சி என்கிறோம். அழல் என்றால் தீ.
இந்தத் தீக்குப் புகையில்லை.
தலைசீவக் கை உயராத காலையில்
வீட்டில் இருப்பவர்களுக்கு
அது சோம்பலாகத் தெரியும்.

மெல்ல உறைந்தால் பனி ஊசிகள்
தசையைப் பொத்தலாக்கிவிடும்.
அப்புறம் நோய் எது, என் கைப்பிழை எது
என்று எவராலும் சொல்ல முடியாது.
இருபது எண்ணுவதற்குள் முடித்தேன்.
குளிர்பெட்டிக்குள் மணிக்கட்டு மரத்துப்போக
மயிரிழையில் பத்திலொரு பங்காகச் சீவி
கண்ணாடியில் ஏற்றி
சாயம் ஊற்றினேன்.

லென்ஸுக்குக் கீழே
கட்டுக் கட்டாய் இழைகள்.
நடுவில் உள்ளவை கொழுகொழுவென்று.
ஓரத்து இரண்டு மூன்று வரிசை மட்டும்
சூம்பி,
வெயிலில் விரித்த நெத்திலியில்
பாயின் விளிம்பு முதலில் காய்ந்ததுபோல.

பார்க்கலாம். சொல்லக் கூடாது.
நான் டெக்னீஷியன்.
நோய்க்குப் பெயர் வைக்கும் கையெழுத்து
வேறொருவருடையது;
அவர் திங்கள்கிழமைதான் வருவார்.

வெள்ளி மாலை கடலூர்ப் பேருந்து.
தவளக்குப்பத்தில் கூட்டத்தோடு ஒரு பெண்
தன் காலைத் தானே கையால் தூக்கிப்
படியில் வைத்தாள்,
அடுத்தவர் சாமானை எடுத்து வைப்பதுபோல.
எழுந்து இடம் கொடுத்தேன்.

அவளாய் இருக்க வேண்டியதில்லை.
முட்டிவலிக்காரர்கள் எத்தனை பேர் இந்தத் தடத்தில்.
ஆனால் இமை.
அந்த நிறத்துக்குப் பாடநூலில் ஒரு பூவின் பெயர் உண்டு.
எங்கள் துறையில் யாரும் அந்தப் பூவைப் பார்த்ததில்லை.
கத்தரிப்பூ என்று எழுதுங்களேன் என்றேன் ஒருமுறை.
டாக்டர் சிரித்தார்.
எழுதவில்லை.

கத்தரிப்பூதான்.
விரல் கணுக்களில் சிவந்த தடிப்பு வேறு.

கம்பியைப் பிடித்திருந்த என் கையை
அவளும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.
"என்னா தம்பி, வெரலெல்லாம் ஊதாவா கெடக்கு?"
சாயம், என்றேன்.
"துணிக்கா?"
கிட்டத்தட்ட.
"எனக்குத் தொடையில கறி எடுத்துருக்காங்க.
என்னான்னு இன்னும் சொல்லல.
காமாலைன்னாங்க மொதல்ல,
தின்னது எல்லாம் கசப்பு."

கிருமாம்பாக்கம்.
கன்னியக்கோயில்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே புகுந்தது.
சொல்லிவிடலாம். ஒரே வரி.
உடம்பு பொய் சொல்லவில்லை அக்கா, ஓரத்தில் காய்ந்திருக்கிறது,
மருந்து உண்டு என்று.
ஆனால் 41 இவளில்லையென்றால்?
இவளேதான் என்றால்
இன்னும் தப்பு.

"அஞ்சலாட்சி, எறங்கு எறங்கு"
முன்னால் இருந்து யாரோ கூப்பிட்டார்கள்.
பெயர் காதில் விழுந்துவிட்டது.
விழாததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மஞ்சக்குப்பம்.
அவள் முதல் படியில் ஒரு காலை வைத்து
அடுத்ததைக் கையால் எடுப்பதற்குள்
கண்டக்டர் விசில்.

ஆள் எறங்குது! நிறுத்துங்க!

என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது.
வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.