திரும்ப அழைத்தல்

திங்கட்கிழமை பட்டியலில் முப்பத்தொன்பது வண்டிகள்.
கிரேமவுத், ரனங்கா, பிளாக்பால், ஹோக்கிட்டிக்கா.
எல்லாம் சின்னவை,
பதினைந்து பதினாறு வயதானவை,
ஜப்பானில் கப்பலேறும்போதே
கொஞ்சம் துருவோடு ஏறியவை.

முதலில் உயிரில்லாத எண்கள்.
பிறகு, விற்றுவிட்டேன் என்பவர்கள்.
யாருக்கு?
ஒரு பையனுக்கு, என்கிறார்கள்.
தாடி வைத்திருந்தான்.

இருபத்திரண்டாவது: மாக்கல், ஹூயா.
மீன் ஆலையில் இரவு வேலை.
பாதித் தூக்கத்தில் எடுத்தாள்.
ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் காற்றுப்பை, என்று ஆரம்பித்தேன்.
"கடிதம் எதுவும் வரலையே."
நான்கு போயிருக்கிறது. நான்கும்
அவளுக்கு முந்தியவருக்கு முந்தியவரின்
இடித்துத் தள்ளிய வீட்டுக்கு.

"அதை விடுங்க.
மழை பெய்தால் மூணு சிலிண்டரில்தான் ஓடுது.
இந்தக் கரையில் பெய்யாத நாள் எது?
பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது.
கண்ணாடி பாதியில் நிக்கும், கையால் தூக்கணும்.
மேடு ஏறினால் கியர்பெட்டி
குளிர்சுரம் கண்டமாதிரி உதறுது.
இதையெல்லாம் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டாங்களா?"

மாட்டார்கள்.
வயதானதால் வருவது எங்கள் கணக்கில் சேராது.
பிறவிக் குறைக்கு மட்டும்தான் நாங்கள்.

சொன்னேன்:
உள்ளே சின்னச் சின்ன வில்லைகள்.
வருடக்கணக்காய் ஈரத்தில் ஊறி
அவற்றின் சுபாவம் மாறியிருக்கலாம்.
சிறு மோதலுக்கும் அளவுமீறி வெடிக்கும்,
உலோகக் கூடு கிழியும்,
மெத்தை வரவேண்டிய இடத்தில்
தகரச் சில்லு வரும்.

மறுமுனையில் கெட்டில் கொதித்து
தானாக அணைந்தது.
"ஏழு வருஷமா?"
ஏழு வருடமாக.
மடியில் நெருப்பு என்பார்கள்,
இது மடியில்கூட இல்லை,
நெஞ்சுக்கு நேரே,
ஆடுகள் குறுக்கே வந்தால்
உள்ளங்கையால் அறைந்து ஹாரன் அடிக்கும் இடத்தில்.

வியாழன் வந்தாள். ரப்பர் பூட்ஸ்,
கைக்கடிகாரத்தில் ஒட்டிய ஒற்றைச் செதில்.
வரும் வழியெல்லாம்
ஸ்டீயரிங்கை விளிம்பில் மட்டும் பிடித்தாளாம்,
சூடான தட்டைப் பிடிப்பதுபோல.

கோர்மக் பேட்டரி வயரைக் கழற்றினான்.
மிச்ச மின்சாரம் வடியக் காத்திருந்தான்.
ஊர்க்கதை முழுதும் வாயில் வைத்திருப்பவன்
அந்தச் சில நிமிடம் மட்டும் பேசமாட்டான்.
பிறகு அதை எடுத்து,
முகப்பைத் தன் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி நடந்து
மேல்நோக்கிக் கிடத்தினான்.
இத்தனூண்டு.
இரண்டு பன் ரொட்டி அளவு.

டாஷ்போர்டு அறையில் பழைய ரசீது ஒன்று,
நீகாட்டா ஊர் முத்திரை.
அங்கே பனியைக் கரைக்கத் தூவிய உப்பு
அடித்தகட்டில் ஆரம்பித்த வேலையை
இங்கே நம் கடல் முடிக்கிறது.
அதற்கும் கடிதம் கிடையாது.

புதியதைப் பூட்டியதும் சாவியைத் திருப்பினாள்.
ஒரு பெண்குரல், ஜப்பானிய மொழியில்,
மிகப் பணிவாக, ஒரே ஒரு வாக்கியம்.
"மோரேனா," என்றாள் ஹூயா,
பெல்ட்டை இழுத்துக்கொண்டே.
மாவோரியில் காலை வணக்கம்.

என் பட்டியலில் பாதி வண்டிகள் சொல்லும் வாக்கியம் அது.
அர்த்தம் எனக்குத் தெரியும்:
சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.
இந்தக் கரை நெடுகச் சாவடியே கிடையாது.
சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.

"தெரியும்," என்றாள். "ஏதோ அட்டை இல்லையாம்.
லிஃப்ட் கேட்டு ஏறின ஒரு ஜப்பான் பெண்
நாலு வருஷம் முன்னாடியே சொல்லிட்டாள்.
அதுக்காக,
தினமும் நம்மைப் பார்த்ததும் பேசுறதுக்கு
பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

மழை.
மூன்று சிலிண்டரில்
நொண்டிக்கொண்டே பாலம் ஏறி மறைந்தாள்.

இருபத்திரண்டைக் கோடிட்டு அடித்துவிட்டு
அடுத்த எண்ணை அழுத்தினேன்.
ஒரு பையன் எடுத்தான்.
தாடி இருக்கிறதா என்று கேட்க வந்து,
அடக்கிக்கொண்டு,
ஸ்டீயரிங்குக்குள், என்று ஆரம்பித்தேன்.